கைமாறி வந்த ஜிப்ஸி

மலையடிவாரத்தில் வாழ்வோர்க்கு வண்டி என்பது அலங்காரப் பொருளன்று. அது இன்னொரு கால். சமவெளியில் இருப்போர் பேருந்தை நம்பிக் காலத்தைக் கழித்துவிடலாம். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் வழியிலுள்ள நம் சிலமலையில் குடியிருந்துகொண்டு, மேலே மலையில் சிறியதோர் ஏலத்தோட்டத்தையும் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது இயலாது. முந்தலைத் தாண்டிவிட்டால் போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் கேரள மண். தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துக்குப் பிரியும் பாதை, மழைக்காலத்தில் பாதையாகவும் ஓடையாகவும் ஒரே நேரத்தில் விளங்குவது. அங்கே ஏற வல்ல வண்டி ஒன்று வேண்டும். அது நம் கைக்கெட்டும் விலையிலும் இருக்க வேண்டும். இவ்விரண்டு தேவைகளும் சேர்ந்தே நம்மை ஒரு பழைய வண்டியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

புது வண்டி வாங்கலாகாதா என்று கேட்ட உறவினர் உண்டு. வாங்கலாம்தான். ஆனால் கையிருப்பு போதாது. மீதிக்கு வட்டிக் கடன்தான் வழி. “வட்டியில் ஏறி மலைக்குப் போவதைவிட நடந்தே போகலாம்” என்று அத்தா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். ஆகவே ரொக்கத்துக்குக் கிடைக்கும் பழைய வண்டியைத் தேடலானோம்.

வளைகுடா நாடுகளில் பொருளீட்டித் திரும்பும் நம் இளைஞர்கள் ஜப்பானிய வண்டிகளின் புகழைப் பேசுவதை வாசகர்கள் கேட்டிருப்பீர்கள். நிஸான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா, மாஸ்டா ஆர்.எக்ஸ்.-7 என்றெல்லாம் அவர்கள் அடுக்குவார்கள். பழைய வண்டியை வாங்கி, அதன் என்ஜினையும் சக்கரங்களையும் மாற்றி, வேகத்தைப் பெருக்கி மகிழும் பழக்கம் அங்கே பெரிதாக வளர்ந்திருக்கிறது. ஜப்பானில் ஒரு புதிய கார் மூன்றாண்டு ஓடியதும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், செலவு மிகுந்த அரசுச் சோதனையைக் கடந்தாக வேண்டும். இதனால் நல்ல நிலையிலுள்ள வண்டிகளையே பலர் விற்றுவிடுகிறார்கள். அவை கப்பலேறிச் சார்ஜாவுக்கும், கொழும்புக்கும், கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கும் போகின்றன. நம் நாட்டிலோ, மூன்றாண்டுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய விதி இடந்தருவதில்லை. சுங்க வரியும் மிகக் கனமானது. எனவே ஜப்பானியரின் கைத்திறன் நம் மலைகளுக்கு வேறொரு வடிவில்தான் வந்து சேர்ந்தது. அந்த வடிவத்தின் பெயர் ஜிப்ஸி.

இதன் குலம் சிறியதிலிருந்து தொடங்கியது. சுசுகி நிறுவனம் 1970-இல் ஜிம்னி என்னும் சின்னஞ்சிறு நாற்சக்கர இயக்க வண்டியை வெளியிட்டது. அதன் என்ஜின் 359 சி.சி. மட்டுமே, நம் ஊர் மோட்டார் சைக்கிளின் அளவு. அந்தக் குலத்தில் வந்த நீண்ட உடலுடைய வண்டியையே மாருதி நிறுவனம் 1985-இல் ஜிப்ஸி என்று இந்தியாவில் இறக்கியது. முதலில் 970 சி.சி. என்ஜின், 1996-இல் 1,298 சி.சி.யாக வளர்ந்து ‘ஜிப்ஸி கிங்’ என்று பெயர் பெற்றது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் 80 குதிரைத்திறனை எட்டியது. உடலோ எடை குறைந்தது. எடை குறைந்த உடலில் அத்திறன் சேர்ந்ததால், இராணுவமும் அதை விரும்பிற்று. இமயமலைப் பந்தயங்களில் ஓட்டியவர்களும் விரும்பினர். 2019-ஆம் ஆண்டோடு பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோயிற்று.

நாம் வாங்கியது 2004-இல் பதிவான வண்டி. வாங்கிய ஆண்டு 2017. மோட்டார்ப் பந்தயத்துக்குப் பெயர் பெற்ற கோயம்புத்தூரில் ஓர் இளைஞர் அதை வைத்திருந்தார். மூன்று அங்குலம் உயர்த்திய உடல், அகன்ற பெரிய டயர்கள், உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, முன்புறம் கனத்த இரும்புத் தடுப்பு, கூரைமேல் நான்கு விளக்குகள், ஊரையே எழுப்பும் சைலன்சர். பார்த்தவுடன் தம்பி மகனின் கண்கள் விரிந்தன. அத்தாவின் கண்கள் சுருங்கின.

இடையில் நின்ற தரகர், “அடிபடாத வண்டி, ஒரு கீறல்கூட இல்லை” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். தரகர் தேநீர் அருந்தப் போன நேரத்தில், அந்த இளைஞர் நம்மைத் தனியே அழைத்தார். “பாய், ஒன்றை மறைக்க மனமில்லை. வால்பாறை வழியில் ஒருமுறை இடது பக்கம் சாய்ந்து விழுந்தது. கதவுக்குக் கீழே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறேன். சேஸிஸ் வளையவில்லை, ஆனாலும் நீங்களே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். நம்முடன் வந்த போடி மெக்கானிக் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி அவ்விடத்தில் வைத்தார். தகரத்தில் ஒட்டும் காந்தம் அங்கே ஒட்டவில்லை. கீழே படுத்துப் பார்த்து, சேஸிஸில் புதிய வெல்டிங் இல்லை என்றும், அதில் பொறித்த எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றன என்றும் உறுதி சொன்னார். விற்கும் பொருளின் குறையை விற்பவனே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நம் மார்க்கம் வணிகர்க்கு வகுத்த நெறி. அந்நெறியை, அதன் பெயரை அறியாமலேயே, மாற்று மதத்து இளைஞர் ஒருவர் கடைப்பிடித்ததைக் கண்டபோது நமக்கு அவ்வண்டியின்மீது ஏற்பட்ட நம்பிக்கை, தரகரின் ஆயிரம் சொற்களால் ஏற்பட்டிருக்க முடியாது. பேசிய விலையை நாம் குறைக்கக் கேட்கவில்லை. அவராகவே பதினையாயிரம் குறைத்துக்கொண்டார்.

பணம் கொடுத்த அன்றே 29, 30-ஆம் எண் படிவங்களில் இரு தரப்பும் கையெழுத்திட்டோம். “பெயர் மாற்றம் மெல்லச் செய்துகொள்ளலாம்” என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே மலிந்திருக்கிறது. அது விற்றவருக்கு இழைக்கும் அநீதி. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கியிருக்கிறது. நாம் ஓட்டி, நாம் மோதி, வண்டியை என்றோ விற்றுவிட்டு உறங்கும் ஒருவர் நீதிமன்றப் படியேறுவது எவ்வளவு கொடுமை! சட்டம் வாங்குபவருக்கு முப்பது நாள் தவணை தருகிறது. முப்பது நாளில் மலைப்பாதையில் என்னவும் நிகழலாம்.

வண்டி ஊருக்கு வந்தது. சிலமலைச் சிறுவர்கள் அதன் பின்னே ஓடினர். ஆனால் மெக்கானிக், “வீட்டுப் பெண்களை ஏற்றுவதற்கு முன்பு ஒருமுறை வெறும் வண்டியாக மெட்டுக்குப் போய் வருவோம்” என்றார். ஏற்றத்தில் குறையொன்றும் தெரியவில்லை. இறக்கத்தில்தான் அவர் ஆசிரியரானார்.

“இந்த மாதிரி வண்டிக்கு உரிய டயரின் குறுக்களவு ஏறத்தாழ 67 சென்டிமீட்டர். இப்போது போட்டிருப்பது 73. அதாவது பத்தில் ஒரு பங்கு பெரிது. ஸ்பீடாமீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-இல் ஓடுகிறது” என்று அவர் விளக்கினார். அதோடு நிற்கவில்லை. சக்கரம் பெரிதானால் கியரின் பிடி தளர்கிறது. மலையிறக்கத்தில் வண்டியைக் காப்பது பிரேக் மட்டுமன்று. இரண்டாம் கியரில் என்ஜின் இழுத்துப் பிடிக்கும் பிடியே பாதிக் காவல். அப்பிடி தளர்ந்தால், அதன் பங்கையும் பிரேக்கே சுமக்க வேண்டும். பெரிய சக்கரத்தை நிறுத்தப் பிரேக்குக்கு ஏற்கெனவே கூடுதல் விசை தேவை. இரண்டும் சேர்ந்தால் சூடேறும், சூடேறினால் பிடிக்காது. பதினேழு வளைவுகளில் பத்தாவது வளைவை அடையும்போதே சக்கரத்தருகே கருகிய வாடை வீசிற்று. வண்டியை ஓரங்கட்டிச் சக்கரங்களை ஆறவிட்டபோது, கீழே போடி நகரம் பொம்மை போலத் தெரிந்தது. அந்த உயரத்தின் பொருள் அன்று நமக்கு வேறாக இருந்தது.

உடலை உயர்த்தியதும் அவ்வாறே. ஜிப்ஸி குறுகலான வண்டி. அதன் எடையை மூன்று அங்குலம் மேலே தூக்கினால், பாறை இடறாது. ஆனால் வளைவில் கவிழும் வாய்ப்பு கூடும். வால்பாறை வழியில் அது சாய்ந்ததன் காரணமும் அதுவாக இருக்கலாம் என்று மெக்கானிக் கருதினார். உள்ளிருந்த இரும்புக் கூண்டு பந்தயக்காரர்க்கு உயிர்க்காவல். ஏனெனில் அவர் தலைக்கவசமும் நாற்புற வாரும் அணிந்திருக்கிறார். முக்காடிட்ட அம்மாவின் தலைக்கோ, ஒரு குலுக்கலில் அதே குழாய் பகையாகிவிடும். முன்புற இரும்புத் தடுப்பு எதிரில் வரும் பாதசாரியின் எலும்பை முறிக்கும் என்பதால், அதைப் பொருத்துவோர்மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது.

டயரையும், உயர்த்திய பிளேட்டையும், சைலன்சரையும் அந்த மாதமே மாற்றினோம். தடுப்பையும் விளக்குகளையும் கழற்றினோம். கூண்டு மட்டும் எஞ்சியது. தம்பி மகன் அதற்காக வாதாடினான். “பெரியத்தா, அதையும் எடுத்துவிட்டால் இது வெறும் வண்டிதானே?” என்றான். அவன் துயரம் நமக்கு விளங்காமலில்லை. ஓர் இளைஞன் ஒரு பொருளைத் தன் கையால் வேறாக்க விரும்புவது இயல்பு; அதுவும் ஒரு கலையார்வமே. சில மாதம் அவன் விருப்பத்துக்கே விட்டோம். பின்னிருக்கையில் யாரையும் ஏற்றுவதில்லை என்ற நிபந்தனையோடு.

2018 ஆகஸ்ட் பெருமழையில் இடுக்கி மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. நம் தோட்டப் பாதையும் அறுந்தது. காவலாளியின் குடும்பம் மேலே இருந்தது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல். ஐந்து பேரைக் கீழே கொண்டுவர வேண்டும். புறப்படுமுன் தம்பி மகனே ஸ்பானரை எடுத்துவந்து, ஒரு சொல்லும் பேசாமல் கூண்டைக் கழற்றி முற்றத்தில் வைத்தான். அன்று அந்தச் சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்க, தன் இயல்பான டயரில், தன் இயல்பான உயரத்தில், ஜிப்ஸி தடுமாறாமல் ஏறி இறங்கிற்று. அல்ஹம்துலில்லாஹ், குழந்தை நலமடைந்தது. கூண்டு மீண்டும் வண்டிக்குள் போகவில்லை.

அடுத்த ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுவதை அது உறுதிப்படுத்தியது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளித்தது. நம் வண்டிக்கும் பதினைந்தாண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் வேளை அதுவே. ஆய்வாளர் சுற்றிப் பார்த்து ஐந்தாண்டுக்குக் கையெழுத்திட்டார். 2024-இல் மீண்டும் புதுப்பித்தாயிற்று.

கழற்றிய டயர்கள் வெகுநாள் திண்ணையோரம் கிடந்தன. ஜீப் வைத்திருக்கும் ஓர் இளைஞர் நல்ல விலைக்குக் கேட்டார். அவரிடம் பத்தாவது வளைவில் கண்டதைச் சொன்னோம். யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விட்டார். பின்னர் ஒரு விவசாயி தம் மாட்டு வண்டிக்கு அளவு ஒத்துவருவதாகக் கூறிப் பாதி விலைக்கு எடுத்துச் சென்றார். எருதுகளுக்கு ஸ்பீடாமீட்டர் இல்லையாதலால் நமக்கும் மனம் உறுத்தவில்லை.

காய் எடுக்கும் காலத்தில், “நாலு பேரைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டால் என்ன?” என்று கேட்போர் இன்றும் உண்டு. விடியுமுன் மலையேறும் ஜீப்புகளில் நம் ஏழைப் பெண்கள் நெருக்கியடித்து நிற்பதைக் காணாதார் இப்பகுதியில் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கையோ அத்தனை பேரே நம் வண்டியில் ஏறுவர். இதனால் சிலருக்கு நம்மீது வருத்தம். அந்த வருத்தத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

அன்பர்களே, பழைய வண்டி வாங்குவது இழிவன்று. கடனின்றி வாங்கிய பழையது, கடனில் வாங்கிய புதியதைவிடக் கண்ணியமானது. அதை அழகுபடுத்த விரும்பும் பிள்ளைகளைக் கடிந்து விரட்டாதீர்கள். ஒருமுறை மெக்கானிக்கோடு மலையிறக்கத்தில் உடன் அழைத்துச் செல்லுங்கள்; சக்கரத்தில் கை வைத்துச் சூட்டை உணரச் செய்யுங்கள். சட்டம் சொல்லாததையும் அந்தச் சூடு சொல்லும். 2023-இல் இந்தியாவில் இறங்கிய ஐந்து கதவு ஜிம்னி, 2025-இல் இங்கிருந்து ஜப்பானுக்கே விற்பனைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த குலம் அங்கேயே திரும்பியிருக்கிறது. தம்பி மகன் இப்போது அதன்மேல் கண் வைத்திருக்கிறான். பணம் சேரட்டும் என்கிறோம். ரொக்கமாகச் சேர்ந்தால், இன்ஷா அல்லாஹ், அப்போது இந்த ஜிப்ஸியை விற்க நேரும். வாங்க வருபவரிடம் கதவுக்குக் கீழேயுள்ள பட்டியைக் காட்டும் பொறுப்பை அவனிடமே கொடுத்திருக்கிறோம்.