சித்தியின் மூக்கு

ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்பது சித்தி போட்ட நிபந்தனை. "பேத்திக்கு மாப்ள பாக்குறோம் பாப்பா. நீ பேரப் போட்டு நாறுதுன்னு எழுதிட்டு காலேஜுக்குப் போயிடுவ. நாங்க இங்கதான இருக்கணும்." அதனால் இப்படிச் சொல்கிறேன். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகிற சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி, உப்பனாற்றுக்குப் பக்கத்தில் குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, அல்லது அவற்றுக்குப் பக்கத்தில் ஒன்று.

கூட்டேரிப்பட்டிலிருந்து அங்கே போக மூன்று பஸ். மயிலம் வழியாகப் புதுச்சேரி, புதுச்சேரியிலிருந்து கடலூர், பிறகு சிதம்பரம் பஸ். முழுப்பரீட்சை லீவுக்கு ஒவ்வொரு வருஷமும் போவேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஏரியும் மல்லாட்டைக் கொல்லையும்தான். ஆற்றில் உப்புத் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்ப்பதே எனக்கு அதிசயம். பக்கத்துத் தெருப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பார்கள். சித்தி மடவை வாங்கிக் குழம்பு வைப்பாள். எண்பதுகளின் தொடக்கத்திலேயே கம்பெனிகள் வந்துவிட்டன. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஊருக்கு ஒரு வாசனை உண்டு. அதைக் கடல் வாசனை என்றே நம்பியிருந்தேன். கடல் நெயில் பாலிஷ் மாதிரி மணக்கும் என்று மூன்றாம் வகுப்பில் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். மரக்காணம் போய்க் கடலை முகர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

வருஷம் போகப் போகக் குழம்பில் மடவை குறைந்தது. வீட்டுக் கைப்பம்புத் தண்ணீர் மஞ்சளானது. ஒரு லீவில் அந்தத் தண்ணீரில் துவைத்த என் வெள்ளைச் சட்டை திரும்ப வெளுக்கவே இல்லை. பிறகு அம்மா என்னை லீவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் யாரும் அங்கே ராத்தங்குவதில்லை. கல்யாணமா, காதுகுத்தா, சாப்பிட்டு முடித்ததும் கடைசி பஸ்ஸைச் சொல்லிக் கிளம்பிவிடுவோம்.

2004இல் எனக்கு இருபத்து நான்கு வயது. முனைவர் பட்டத்துக்குச் சங்க நெய்தல் பாடல்களை எடுத்திருந்தேன். அந்த வருஷம் சித்தப்பாவின் அக்கா மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பையன், கவிதையெல்லாம் படிப்பாராம். கேட்டு வந்தது சித்திதான். அம்மா இழுத்தாள், ஜாதகம் என்றாள். உள்ளறையிலிருந்து நான் சொன்னேன்: "அந்த நாத்தத்துல எவ போயி குடும்பம் நடத்துவா?" சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் நிற்கவில்லை. அதற்காகத்தான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. நின்றிருந்தால் ஓடிப்போய் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அதே மாதங்களில் நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாட்டுக்கு ஆய்வேட்டில் நான்கு பக்கம் எழுதினேன். தேரில் வந்த செல்வந்தனிடம் மீனவப் பெண்ணின் தோழி பேசுகிற பாட்டு. இவள் கடலோரச் சிற்றூர்ப் பரதவர் மகள், நீயோ பெரிய ஊர்க்காரன் மகன். நாங்கள் மீனைக் காய வைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள். எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில். எங்களிலும் உயர்ந்தவர்கள் உண்டு. இதுதான் சாரம். அந்தத் தோழியின் மிடுக்கை வியந்து எழுதினேன். நாற்றத்தைச் சொல்லித் தள்ளி நிற்கச் சொல்லும் உரிமை அந்த நாற்றத்தோடு வாழ்கிறவளுக்குத்தான் உண்டு என்றுகூட எழுதினேன். நெறியாளர் பாராட்டினார். சித்தியைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

அதே 2004இல் சித்தி வேறொன்று செய்துகொண்டிருந்தாள். சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழுவாக இயங்கத் தொடங்கியிருந்தார்கள். காற்றைப் பிடிக்க அவர்களிடம் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. மூடிக்குள் ஒரு பை. நாற்றம் அடிக்கிற நேரத்தில் திறந்தால் பைக்குள் காற்று நிறையும், அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலைக்கு அருகில் குடியிருந்தவர்களுக்காக 1990களில் உருவான முறை அது. முதல் சோதனைகளிலேயே 22 வேதிப்பொருள்கள் தென்பட்டன, அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பிறகு நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமே ஆராய்ந்து, இங்கே வசிப்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்றது. 2008இல் அது செய்தித்தாள்களில் வந்தது.

வாளியைவிட முக்கியம் மூக்கு. எப்போது வாளியைத் திறப்பது என்று மூக்குதான் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து சித்தி கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம்: நாறுது என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், என்ன நாற்றம், எந்த நேரம், எந்தப் பக்கத்துக் காற்று, உடம்புக்கு என்ன செய்தது என்று எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற சித்தி பேத்திகளின் மீந்துபோன நோட்டுகளில் எழுத ஆரம்பித்தாள். மற்றவர்கள் விட்டுவிட்டாலும் அவள் விடவில்லை.

இப்போது பதினான்கு நோட்டுகள், அரிசி டிரம்முக்குப் பின்னால். "ராத்திரி 2 மணி. மேக்காத்து. அழுகின முட்டகோஸ். கண்ணு எரிச்சல்." "விடியகாலம். முட்ட நாத்தம். சின்னவ வாந்தி." "மத்தியானம். பழ வாசன மாதிரி, தித்திப்பு. தல சுத்தல்." அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம், அழுகிய முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் வகை. சித்திக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் எந்த நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும், எதற்குச் சாத்தினாலும் பயனில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட வேண்டும் என்பது தெரியும். அதிகாரிகள் பகலில் வருவார்கள். நாற்றம் பெரும்பாலும் ராத்திரியில் வரும். ராத்திரி விழித்திருப்பது பால் கொடுக்கிறவள், பிடித்துவரும் தண்ணீருக்குக் காத்திருக்கிறவள், இருமுகிற மாமியாருக்கு வெந்நீர் வைக்கிறவள்.

சித்தப்பாவுக்கு இந்த நோட்டு பிடிக்காது. அவர் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். எந்த வீட்டிலிருந்து புகார் போனது என்று தெரிந்தால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஒரு நோட்டை அடுப்பில் போட்டிருக்கிறார். "அவரும் அந்தச் சம்பளத்துலதான அரிசி வாங்குனாரு," என்றாள் சித்தி. அவரைக் குறை சொல்கிறாளா, விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

2021 மே 13 அன்று குடிகாட்டில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த விபத்தில் 4 பேர் செத்தார்கள். அந்தத் தேதியில் நோட்டில் எழுத்து நடுங்கியிருக்கிறது. 2025 மே மாதம் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தப் பக்கத்தில் சித்தியின் எழுத்து இல்லை. பேத்தியின் எழுத்து, பேனா மையும் வேறு.

காரணம் கேட்டேன். கொரோனாவுக்குப் பிறகு சித்திக்கு வாசனை சரியாகத் தெரிவதில்லை. குழம்பு அடிப்பிடிப்பதுகூடத் தெரியவில்லை. "நாத்தம் தெரியலன்னா நிம்மதிதான சித்தி," என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. முட்டை நாற்றம் அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், அப்போதுதான் ஆபத்து என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையும்கூட. இப்போது ஒன்றும் நாறாத ராத்திரியெல்லாம் அவளுக்குப் பயம். பேத்தியை எழுப்பி முகரச் சொல்கிறாள். பேத்தி கல்யாணமாகிப் போய்விட்டால் யாரை எழுப்புவது?

போன மார்கழியில், இருபத்தோரு வருஷத்துக்குப் பிறகு, அந்த வீட்டில் ராத்தங்கினேன். அன்று நான் உள்ளறையிலிருந்து சொன்னதைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் போனேன். சாப்பிடும்போது பேச்செடுத்தேன். "அந்தப் பையனுக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ நர்சிங் படிக்கிறா," என்று சொல்லிவிட்டுச் சித்தி ரசம் ஊற்றினாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேச விடவில்லை.

விடிவதற்கு முன்னால் யாரோ என் தோளைத் தொட்டு உலுக்கினார்கள். சித்தி. ஒரு கையில் செல்போன் வெளிச்சம், மடியில் நோட்டு.

"எழுந்திரு. என்ன வாசன வருது, சொல்லு."

"ஏதோ நாறுது சித்தி."

"ஏதோன்னு எழுத முடியாது. மோந்து பாரு."

வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே நின்றேன். தொண்டை காந்தியது. முட்டைக்கோஸ் போல இருந்தது, ஆனால் அது மட்டும் இல்லை. அதற்குக் கீழே தித்திப்பாக ஒன்று. அதற்குச் சொல் கிடைக்கவில்லை.

"ரெண்டு வருதுன்னா ரெண்டையும் சொல்லு," என்றாள் சித்தி. "காத்து எந்தப் பக்கம்?"

விரலை எச்சில் தொட்டுக் காற்றில் பிடித்தேன்.

"மேக்க."

"மணி நாலு இருவத்தஞ்சு," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.