43 வயதுக்குள் ஒரு சாம்ராஜ்யம்!

கொல்லிமலை என்றதும் இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொன்று, சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை பற்றிய பழங்கதை. அந்தப் பாவையைப் போலவே சிரிப்பையும் கொலையையும் சேர்த்து வைத்தவர், எழுத்தாளர் தேவன்.

இயற்பெயர் மகாதேவன். 1913 செப்டம்பர் 8 அன்று திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணம் கல்லூரியில் படித்தார். கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை. இருபதுகளின் தொடக்கத்திலேயே ஆனந்த விகடனில் சேர்ந்துவிட்டார். கல்கி வெளியேறிய பிறகு, முப்பது வயதைத் தொடும் முன்பே பத்திரிகையின் நிர்வாக ஆசிரியர் பொறுப்பு அவர் தோளில் ஏறியது.

அதுவரை தமிழில் துப்பறிவாளர் என்றால் மகா சூரர். ஜே.ஆர்.ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் என்று எல்லோரும் அதிபுத்திசாலிகள். தேவன் என்ன செய்தார் தெரியுமா? வழுக்கைத் தலையும் பெரிய மூக்குமாக, பார்த்தாலே அசடு வழியும் ஒரு பேங்க் குமாஸ்தாவைத் துப்பறிய அனுப்பினார். அவர்தான் சாம்பு.

சாம்பு எதையோ தேடிப் போவார், கால் தடுக்கி விழுவார். விழுகிற இடத்தில் திருடன் அகப்படுவான்! இன்ஸ்பெக்டர் கோபாலனோ, இதெல்லாம் சாம்புவின் அபார மூளை என்று வியந்து நிற்பார். உண்மை சாம்புவுக்கும் வாசகருக்கும் மட்டும்தான் தெரியும். 'நமக்கும் ஒருநாள் அதிர்ஷ்டம் அடிக்காதா' என்று ஏங்கும் நடுத்தரக் குடும்பங்கள் சாம்புவைத் தங்கள் வீட்டு ஆளாகவே நினைத்ததில் ஆச்சரியம் என்ன?

தேவனுக்குச் சிரிக்க வைக்க மட்டும்தான் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' முழுக்க ஒரு கொலை வழக்கு விசாரணை. ஜூரிகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன காலத்து நீதிமன்றத்தை இன்றைய வாசகரும் அதில் நேரில் பார்க்கலாம். 'ஸி.ஐ.டி. சந்துரு' இன்னொரு ரகம்.

1957 மே 5. தேவன் காலமானார். வயது 43தான்.

இதில் மனதைப் பிசையும் விஷயம் ஒன்று உண்டு. வாரம் தவறாமல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த அவருடைய நாவல்களில் பெரும்பாலானவை, அவர் மறைந்த பிறகுதான் புத்தகமாக வந்தன. தொடர் வெளியான பக்கங்களைக் கிழித்து, வீட்டிலேயே பைண்டு செய்து வைத்துக்கொண்ட வாசகர்களின் அலமாரியில்தான் அவை முதலில் புத்தகங்களாயின.

அதற்குப் பிறகு சாம்பு மேடை ஏறினார், தூர்தர்ஷனுக்கும் வந்தார். இன்று செல்போனிலும் படிக்கக் கிடைக்கிறார். படைத்தவருக்குக் கிடைக்காத நீண்ட ஆயுள், அந்த அசட்டுத் துப்பறிவாளருக்குக் கிடைத்துவிட்டது.

இதுவும் சாம்புவின் அதிர்ஷ்டம்தானோ?