தோட்டாவின் மூக்கு

போன மாதம் எஸ்டேட் நாட்களைப் பற்றி எழுதியபோது துரையின் ரைஃபிளை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்படி நகர்ந்ததற்குக் காரணம் உண்டு. இன்று அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1963-ஆம் வருடம். எனக்குப் பதினான்கு வயது. வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா ஹெட் கிளார்க். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர். செக்ரோல், சம்பளப் பட்டுவாடா இவற்றோடு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. துரையின் துப்பாக்கிகளுக்கான தோட்டாக்கள் ஆபீஸ் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும். எத்தனை வாங்கியது, எத்தனை சுட்டது, எத்தனை மீதி என்று ஒரு நீள நோட்டில் அப்பா எழுதி வைப்பார். மழைக்காலத்தில் அந்த ஊரில் செருப்பு கூடப் பூஞ்சை பிடிக்கும். பித்தளைத் தோட்டா பச்சை பூத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை எடுத்துத் துணியால் துடைத்து வெயில் காட்டுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பையனுக்கும் இல்லாத பெருமை எனக்கு அதில் இருந்தது.

துரையிடம் இருந்தது .375 மேக்னம். இங்கிலாந்தில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-இல் கொண்டுவந்த அளவு. .375 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் முன்னூற்று எழுபத்தைந்து பங்கு, ஒன்பதரை மில்லிமீட்டர். பென்சிலைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. யானையைச் சுடுகிற குண்டு எலுமிச்சம்பழம் அளவாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்பா எனக்குப் புரியவைத்தது தங்கக் கணக்கில். குண்டின் எடையைக் கிரெயின் என்ற பழைய இங்கிலீஷ் அளவில் சொல்வார்கள்; ஏறக்குறைய பதினைந்தரை கிரெயின் ஒரு கிராம். அந்த ரைஃபிளுக்கு எங்களிடம் இரண்டு வகைத் தோட்டா இருந்தது. ஒன்று 300 கிரெயின், கிட்டத்தட்ட இரண்டரைப் பவுன். மற்றது 235 கிரெயின், இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் பித்தளைக் கூடு ஒன்றேதான், அடியில் ஒரு தடித்த வளையம் ஓடும். வித்தியாசம் எல்லாம் மூக்கில்.

300 கிரெயின் 'சாலிட்'. உள்ளே ஈயம், மேலே மூக்கு வரை கெட்டியான உலோக உறை. எதில் பட்டாலும் உருக்குலையாது. தோல், சதை, எலும்பு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு நேராகப் போகும். யானைக்கும் காட்டுமாட்டுக்கும் அதுதான். 235 கிரெயின் 'சாஃப்ட் நோஸ்'. நுனியில் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் குடை போல விரிந்து உள்ளேயே நின்று பெரிய காயம் செய்யும். மானுக்கும் சிறுத்தைக்கும் அது. மானைச் சாலிடால் சுட்டால் ஊசி போட்டது மாதிரி ஓட்டை விழும். மான் ஒரு மைல் ஓடி எங்கோ கிடந்து சாகும். காட்டுமாட்டைச் சாஃப்ட் நோஸால் தோளில் சுட்டால் குண்டு எலும்பிலேயே நொறுங்கிவிடும். கனம் குறைந்து வேகம் கூடிய குண்டு இன்னும் சீக்கிரம் நொறுங்கும்.

"ஏல, கையில எடுத்தா மொதல்ல மூக்கைப் பாரு. பொறவுதான் பைக்குள்ள போடணும்" என்பார் அப்பா. துப்பாக்கியைத் தோளில் வைத்து ஒரு தடவை கூடச் சுடாத மனிதர் அவர். ஆனால் இதில் துரைமார்களுக்கே பாடம் எடுக்கிற அளவு விஷயம் தெரியும்.

துரை பங்களாவுக்கு வரும் மற்ற துரைமார் எல்லாம் துப்பாக்கிப் பேச்சு என்றால் அளவைப் பற்றித்தான் அடித்துக்கொள்வார்கள். ஒருவரிடம் .470 இரட்டைக்குழல் இருந்தது. அதன் குண்டு 500 கிரெயின், நாலு பவுன். சுட்டால் தோள்பட்டை இரண்டு நாள் வலிக்குமாம். இந்த .470 பிறந்த கதை வேடிக்கையானது. 1907-இல் பிரிட்டிஷ் சர்க்கார் .450 அளவுத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. பட்டாளத்தின் பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் உதவிவிடும், கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம். லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470 என்று தடைக்குத் தப்பிய அளவுகளை உருவாக்கிவிட்டார்கள். யானைக்கு இதில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. பட்டாளத்து .303-ஐச் சாதாரண ஆட்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதே மாதிரிதான். நம்மூர் மிராசுதார்கள் வீட்டில் பார்த்திருப்பீர்களே, இஷாப்பூர் சர்க்கார் தொழிற்சாலையில் செய்த .315, அது அந்தத் தடைக்காக வந்த மாற்று.

ஜிம் கார்பெட் பல ஆட்கொல்லிகளைச் சுட்டது .275 ரிக்பியால். நம் பென்னாகரம், ஜவளகிரிப் பக்கமெல்லாம் அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது அமெரிக்க .405 வின்செஸ்டர். ஆப்பிரிக்காவில் பெல் என்ற வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பகுதியைச் சுட்டது கார்பெட் வைத்திருந்த அதே சிறிய அளவில்! ஒன்றரைப் பவுன் கூட இல்லாத குண்டு, ஆனால் சாலிட். யானையின் மண்டைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். இதையெல்லாம் பிற்பாடு தபால் இலாகாவில் இருந்த காலத்தில் நூலகங்களில் தேடித் தேடிப் படித்தேன். ஏன் தேடினேன் என்பதற்குத்தான் வருகிறேன்.

அந்த வருடம் ஐப்பசி மாதம் ஓர் ஒற்றைக் காளை எங்கள் தோட்டத்துக்குள் வர ஆரம்பித்தது. பத்திரிகைகளில் காட்டெருமை என்பார்கள், எங்களுக்குக் காட்டுமாடு. வளர்ந்த காளை ஒரு டன் எடையை நெருங்கும். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அது கொம்பால் தூக்கிப் போட்டு, அவளுக்கு விலா எலும்பு முறிந்தது. துரை அனுமதி வாங்கிவிட்டார். தடம் பார்க்க வழக்கமாக வரும் காடர் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார். மூப்பன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எனக்கு ஈட்டிலில் தேனெடுப்பதையும் கரடிக் காலடியையும் காட்டிக் கொடுத்தவர்.

முதல் நாள் சாயங்காலம் பங்களா பையன் தோல் பையோடு வந்தான். விடியுமுன் கிளம்புகிறார்கள், ஆறு தோட்டா வேண்டும், காட்டுமாட்டுக்கு. அப்பா சம்பளப் பணம் எடுக்கப் பொள்ளாச்சி போயிருந்தார். சாவி எங்கே என்று எனக்குத் தெரியும். முந்தின ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைத்தது நான்தானே. இரண்டு வகைக்கும் தனித்தனிப் பெட்டி. வலது பெட்டி சாலிட் என்று மனதில் இருந்தது. எடுத்தேன், பையில் செருகினேன், கொடுத்தேன். மூக்கைப் பார்க்கவில்லை. இருட்டிவிட்டது என்று சொல்லலாம்; விளக்கு பக்கத்தில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழைத் தூறல் விழுந்ததும் எல்லாவற்றையும் அவசரமாக அள்ளி உள்ளே வைத்தேனே, அப்போது கலந்திருக்கிறது. பையில் போனது மூன்று சாலிட், மூன்று சாஃப்ட் நோஸ்.

துரை பங்களாவில் அரிக்கேன் வெளிச்சத்தில் ரைஃபிளில் போட்டிருக்கிறார். அவரும் பார்க்கவில்லை. அப்பா கொடுத்தனுப்பினால் பார்க்க வேண்டியதில்லை என்பது அவருக்கு இருபது வருடப் பழக்கம்.

முதல் குண்டு சாஃப்ட் நோஸ். அறுபது கஜத்தில் தோளில் பட்டது. மாடு குலுங்கி, விழாமல், ஈத்தைக் காட்டுக்குள் புகுந்துவிட்டது. அரை மணி பொறுத்து மூப்பன் முன்னே ரத்தத் தடம் பார்த்துக்கொண்டே போக, துரை பின்னால். காயம்பட்ட காட்டுமாடு நேராக ஓடாது. சுற்றி வந்து தன் தடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். பக்கவாட்டிலிருந்து வந்தது. மூப்பனின் வலது தொடையில் கொம்பு இறங்கியது. துரை அடுத்துச் சுட்டது சாலிட். பத்தடித் தூரத்தில். மாடு அங்கேயே விழுந்தது.

மூப்பனைத் தோட்டத்து லாரியில் போட்டு நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறக்கிப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார். கால் பழையபடி மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தடம் பார்க்கப் போகவில்லை.

அன்று இரவு அப்பா வந்தார். செய்தி கேட்டார். சட்டையைக் கூடக் கழற்றாமல் ஆபீஸுக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து மூக்கைப் பார்த்து இரண்டு வரிசையாக நிறுத்தினார். நான் வாசலில் நின்றேன். எண்ணி முடித்து நோட்டில் எழுதினார்: 300 – மூன்று, 235 – மூன்று. என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. "போய்ச் சாப்பிட்டுப் படு" என்றார். அடித்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார். தோட்டாவைத் தான்தான் எடுத்து வைத்ததாகவும் தன்னுடைய கவனக்குறைவு என்றும் சொல்லிவிட்டார். பங்களா பையனுக்கு உண்மை தெரியும், அவனையும் வாயைத் திறக்காமல் செய்திருக்கிறார். துரை கத்தவில்லையாம். சாவியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார். தோட்டாப் பெட்டி பங்களாவுக்குப் போயிற்று, நோட்டும் போயிற்று. இந்த விவரமெல்லாம் அப்பா காலமான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையே முடிந்துபோனது. நல்லதுதான். இன்று அந்தச் சாலையில் காட்டுமாடுகள் காருக்கு வழிவிடாமல் நிற்கின்றன.

1988-இல் குடும்பத்தோடு வால்பாறை போனபோது மூப்பனைத் தேடிப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கிழவராகிவிட்டார், கண் மட்டும் அதே கண். யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து வருடம் வைத்திருந்ததைச் சொன்னேன். தோட்டாவை மாற்றிப் போட்டது நான்தான், அப்பா அல்ல என்றேன்.

"தோட்டா மாறிப்போச்சுன்னு அன்னைக்கே தெரியும் தம்பி. மாட்டை அறுத்தவங்க எடுத்துக் காட்டினாங்க, துண்டு துண்டா இருந்திச்சு. ஆனா தொரை அடிச்ச எடம் தப்பு. மேல அடிச்சிட்டாரு. திமிலுக்குக் கிட்ட. அங்க எதால அடிச்சாலும் மாடு நிக்காது. இதுக்கா இத்தனை வருசம் மனசைப் போட்டு ஒலப்பிக்கிட்ட?"

அவர் சொன்னது சரிதான். காட்டுமாட்டின் முதுகு மேடு வெறும் எலும்பு முள்ளும் சதையும். நெஞ்சு கீழே, முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. அந்த மேட்டைப் பார்த்துக் கண் ஏமாந்து உயரச் சுடுவது பலருக்கும் நேர்வது. ஒரு நிமிஷம் நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது.

ஆனால் நான் படித்தவன் ஆயிற்றே. துரை ரைஃபிளின் குறியை 300 கிரெயினுக்கு ஒத்துப் பார்த்து வைத்திருந்தார். அதே குறியில் வேறு எடைக் குண்டைச் சுட்டால் அது வேறு இடத்தில் போய் விழும். மேலேயா கீழேயா என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அன்று குண்டு மேலே போனது துரையின் கண்ணாலா, என் தோட்டாவாலா? அந்த ரைஃபிளை எடுத்து இரண்டு வகையையும் அட்டையில் சுட்டுப் பார்த்தால் தெரிந்திருக்கும். துரை எப்போதோ சீமைக்குப் போய்விட்டார், ரைஃபிளும் அவரோடு போய்விட்டது.

மூப்பனிடம் இதைச் சொல்லவில்லை. வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்தேன். காலை நீட்டி வைத்துக்கொண்டு மடித்துப் போட்டார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். போய் ஒன்பது வருடம் ஆயிற்று என்றேன். பொள்ளாச்சி பஸ் வரும் வரை இரண்டு பேரும் தேனெடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.