லொஃபோட்டன் தீவில் ஒரு மீன் சொதி

"வெள்ளை மீனில் என்ன சத்து இருக்கு? வெறும் தண்ணீர்!" என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். மீன் என்றால் வெட்டும்போதே கையில் எண்ணெய் பிசுபிசுக்க வேண்டும். அதுதான் எங்களுக்கு நல்ல மீன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2025ஆம் ஆண்டு பங்குனி மாதம் நோர்வேயில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகும் வரைக்கும்.

அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். "சித்தி, அம்மா ஒண்டும் சாப்பிடுறா இல்லை. எட்டுக் கிலோ குறைஞ்சு போனா. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று பெறாமகள் தொலைபேசியில் சொன்னாள். அவள் அங்கே தாதியாக வேலை செய்கிறாள். அவளே பயணச்சீட்டும் அனுப்பினாள். புறப்பட்டுவிட்டேன்.

ஒஸ்லோவில் இறங்கி, அங்கிருந்து பூடோ, பூடோவில் இருந்து ஒரு குட்டி விமானத்தில் ஸ்வோல்வேர். லொஃபோட்டன் தீவுகளின் பெரிய ஊர் அதுதான். கடலுக்குள் யாரோ பனங்குருத்துகளை நட்டு வைத்ததுபோல மலைகள் நேராக எழும்பி நிற்கின்றன. தலையில் பனி, காலடியில் கடல், இடையில் சிவப்பு நிற மர வீடுகள். உலகப்படத்தில் பார்த்தால் வடதுருவ வட்டத்துக்கும் மேலே உள்ள இடம். ஆனால் கடலில் வரும் வெப்ப நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் இருந்து ஏறக்குறைய ஒரு மாதம் சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது என்றாள் பெறாமகள். நான் போனபோது நல்ல வெளிச்சம்.

விமானத்தால் இறங்கியதும் முதலில் வந்து முட்டியது மணம். எங்கள் ஊர்க் கருவாட்டு மணத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி! அடுத்த நாள் பெறாமகள் என்னை ஹென்னிங்ஸ்வேர் என்ற மீன்பிடிக் கிராமத்துக்குக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் மரக்கம்புகளால் கட்டிய பெரிய பெரிய பந்தல்கள். அவற்றில் தலை வெட்டிய மீன்களை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பல்லாயிரம் மீன் இருக்கும்!

இந்த மீனை நாங்கள் ஆங்கிலத்தில் 'கொட்' என்போம். நோர்வேக்காரர் 'தொர்ஸ்க்' என்கிறார்கள். வடக்கே பாரென்ட்ஸ் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை கூட்டம் கூட்டமாக லொஃபோட்டனுக்கு வரும் மீனுக்கு 'ஸ்க்ரை' என்று தனிப்பெயர். அலைந்து திரிபவன் என்று பொருளாம். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இந்த ஊரை வாழவைத்தது இந்த அலைந்து திரியும் மீன்தான்.

நாங்கள் கருவாடு போட உப்பும் வெயிலும் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை! குளிர்காற்றுத்தான் காய வைக்கிறது. பங்குனியில் குளிர் பூச்சியப் பாகையை ஒட்டியே நிற்கும். அதிகம் குளிர்ந்தால் மீன் உறைந்து பழுதாகும். சூடானால் ஈ மொய்க்கும். இரண்டுக்கும் நடுவில் மாசி தொடங்கி வைகாசி வரை தொங்கவிட்டு, ஜூன் மாதம் இறக்குகிறார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சை மீன் காய்ந்தால் 1 கிலோ. பெரும்பகுதி இத்தாலிக்குப் போகிறது. தலைகளைத் தனியாகக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். நாக்கை வெட்டி எடுப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அது அவர்களின் கைச்செலவுக் காசு. இரத்த அழுத்தம் உள்ள எனக்கு, உப்பே போடாத கருவாட்டைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது!

துறைமுகத்தில் ஒரு நல்ல ஸ்க்ரை மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அக்கா கதவடியிலேயே முகத்தைத் திருப்பினா.

"எனக்கு உந்த மீன் வேண்டாம். உதின்ர மணமே வேண்டாம்."

அன்று இரவு பெறாமகள் வேலைக்குப் போனபிறகு அக்கா தானாகவே சொன்னா. 1991இல் கல்யாணமாகி நோர்வே வந்தவுடன், வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவ. அந்தக் காலத்தில் எங்கட ஆட்கள் பலர் அங்கே அந்த வேலைதான் செய்தார்கள்.

"பத்தொன்பது வருஷம் உதைத்தான் வெட்டினனான். மேசைக்குக் கீழ லைட் எரியும். மேல துண்டை வைச்சு, முள்ளு புழு இருக்கோ எண்டு பார்த்துப் பார்த்து எடுக்க வேணும். அம்மா செத்த செய்தி வந்தண்டைக்கும் அந்த மேசையிலதான் நிண்டனான். சாப்பாட்டு நேரம் கொழும்பில இருந்து மாமா போன் எடுத்தவர். எல்லாம் முடிஞ்சு நாலு நாள் எண்டார். நான் திரும்பிப் போய் மிச்ச நேரம் முழுக்க வெட்டினன். அழுதால் துண்டில முள்ளுத் தெரியாது எண்டு அழவும் இல்லை."

அம்மா போனது 1996இல், இடம்பெயர்ந்து கிளிநொச்சியில் இருந்தபோது. நான் அப்போது பதினேழு வயதுப் பிள்ளை. அக்கா வெளிநாட்டில் சுகமாக இருக்கிறா, ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை என்று இருபத்தொன்பது வருடம் மனதுக்குள் ஒரு முள்ளை வைத்திருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை. சகோதரிகளே, கேட்டிருக்கலாம். அன்று அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் மூட்டுகள் எல்லாம் தடித்து, முழுதாக மடங்காத கை.

மறுநாள் நான் கேட்டுக்கொண்டு நிற்காமல் சொதி வைத்தேன்.

கொட் மீனைச் சமைப்பதில் ஒரு கவனம் வேண்டும். அடுக்கடுக்கான மென்மையான தசை. அகப்பையால் கிண்டினால் உதிர்ந்துவிடும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் தண்ணீர்ப் பதமான கப்பிப்பாலில் நன்றாக அவிய விட்டு, கடைசியில் மீன் துண்டுகளைப் போட்டேன். ஏழெட்டு நிமிடம் போதும். முதற்பால் வழக்கத்தில் கால்வாசிதான். சட்டியைக் கையால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கி வைத்து எலுமிச்சம்புளி விட்டேன். வெந்தயமும் கறிவேப்பிலையும் மணக்க, மீன் மணம் எங்கோ போய்விட்டது.

"இது அம்மாவின்ர கைப்பதமெல்லே" என்று அக்கா குசினிக்கு வந்தா. முதலில் சொதி மட்டும் விட்டுக்கொண்டா. பிறகு ஒரு துண்டு. பிறகு இன்னொன்று. நான் பாராததுபோல இருந்தேன்.

இந்த மீன் அக்காவுக்கு ஏன் நல்லது என்பதைப் பெறாமகள் விளக்கினாள். பித்தநீர்தான் கொழுப்பைச் செரிக்க உதவுவது. பித்தப்பையை எடுத்தபின் அதைச் சேர்த்து வைக்க இடமில்லை. ஈரலில் இருந்து சிறிது சிறிதாக வடியும். ஆகவே சில வாரங்களுக்குக் கொழுப்பு மிகுந்த சாப்பாடு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புண் ஆறவோ புரதம் வேண்டும். 100 கிராம் பச்சை கொட் மீனில் ஏறக்குறைய 18 கிராம் புரதம். கொழுப்பு 1 கிராமுக்கும் குறைவு. கலோரி 80 அளவில். அயோடின், செலெனியம், பி12 விற்றமின் எல்லாம் உண்டு. வெறும் தண்ணீர் என்று சொன்ன வாயை நான் மூடிக்கொண்டேன்!

அப்படியானால் அதன் கொழுப்பு எங்கே? ஈரலில்! நாங்கள் சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்த மீனெண்ணெய் அதுதான். 1854இல் பேட்டர் மொல்லர் என்ற நோர்வே மருந்துக்கடைக்காரர் ஈரலை நீராவியில் சூடாக்கித் துப்புரவான எண்ணெய் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வெயில் இல்லாத குளிர்காலத்தில் டி விற்றமினுக்கு இங்கே அதைத்தான் ஒரு தேக்கரண்டி குடிக்கிறார்கள். ஏ விற்றமினும் அதில் அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

எங்கள் ஊரில் கொட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். விளைமீன், கலவாய், கிழங்கான் எல்லாம் இப்படிக் கொழுப்புக் குறைந்த வெள்ளை மீன்கள்தான். நோயாளிக்கும் பிள்ளைக்கும் முள் பார்த்துக் கொடுக்கலாம். பொரித்தால் மட்டும் அந்தக் குணம் எண்ணெயோடு போய்விடும். இதயத்துக்கு நல்லதென்று சொல்லும் ஒமேகா 3 கொழுப்பு இவற்றில் குறைவு. அதற்குச் சாளையும் சூடையும் வாரத்தில் ஒருநாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் முதல்நாள் அக்காவும் எங்களோடு பந்தல் பார்க்க வந்தா. கீழே நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாக் கட்டியிருக்கிறாங்கள்" என்று மட்டும் சொன்னா.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் சொதிதானாம். "சித்தி, உறைப்புக் காணாது எண்டு அம்மா குறை சொல்லுறா" என்று போன மாதம் பெறாமகள் சொன்னாள். குறை சொல்லத் தொடங்கிவிட்டா என்றால் நாக்குத் திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம்!