மூணு இ.ஸி.ஜி.யும் ஒரு வவுச்சர் கட்டும்!

எனக்கு இதுவரை நாலு தடவை 'உயிர் போயிருக்கிறது'. அதில் மூன்று, செப்டம்பர் மாதத்தில்! ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முப்பதாம் தேதிக்குள் டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் போயாக வேண்டும்.

முதல் தடவை தாம்பரம் - பீச் மின்சார ரயிலில். பல்லாவரம் தாண்டியதும் நெஞ்சு படபடன்னு அடிக்குது, விரலெல்லாம் மரத்துப் போச்சு, மூச்சு பாதியிலேயே நிற்குது. 'அவ்வளவுதான், கதை முடிஞ்சுது' என்று கிண்டியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினால்... இ.ஸி.ஜி. தங்கமாக இருந்தது! அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாம் தடவை டியூட்டி டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, கல்யாண வீட்டில் மூணாவது பந்தியிலும் உட்கார்ந்தவனைப் பார்க்கிற மாதிரி! ஆனால் மனிதர் திட்டவில்லை. மனநல டாக்டர் ஒருவரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சீட்டைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள். "கீழ்ப்பாக்கமாடா?" டாக்டர் இருந்ததோ மயிலாப்பூரில்! 1794-ல் ஆரம்பித்து, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்த ஆஸ்பத்திரி அது. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே நம் சினிமா காமெடியன்கள் எத்தனை கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள்! அதற்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு அழுதது எங்க அம்மா.

"எல்லாம் மனசுதாண்டா" என்றார் அப்பா. டாக்டரும் அதையேதான் சொன்னார், ஃபீஸ் வாங்கிக்கொண்டு. ஒரே வித்தியாசம், அப்பா அதோடு நிறுத்திவிட்டார். டாக்டர் அங்கிருந்துதான் ஆரம்பித்தார்.

"இதுக்குப் பேர் பேனிக் அட்டாக். நாய் துரத்தினா ஓடறதுக்காக உடம்பு அட்ரினலின் சுரக்கும். உங்களுக்கு நாயே இல்லாம சுரக்குது. பூனை ஏறினாலே தெருவை எழுப்பற கார் இருக்கே, அந்த மாதிரி. பத்து நிமிஷத்துல உச்சிக்குப் போய், தானா இறங்கிடும். உயிர் போகாது." முதல் தடவை இதயத்தைச் சோதித்துக்கொண்டது சரிதானாம். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நானாக நிறுத்தக் கூடாது, கூடவே பயத்தைச் சமாளிக்கப் பயிற்சி. காபியைக் குறைக்கச் சொன்னதுதான் அநியாயம்.

நாலாவது, அக்டோபரில், ஆபீஸிலேயே வந்தது. "தைரியமா இருப்பா" என்றார் ஒருத்தர். "கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்றார் இன்னொருத்தர். (அவர் டிவோர்ஸ் கேஸ் நடத்திக்கொண்டிருந்தவர்!) ரிடையராக ரெண்டு வருஷம் இருந்த எங்கள் மேனேஜர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வவுச்சர் கட்டை என் கையில் திணித்தார்.

"தம்பி, நம்பரை மட்டும் சத்தமாப் படி. நான் டிக் அடிக்கிறேன்."

211... 212... குரல் நடுங்குது. 213... அவர் "உம்... உம்..." என்கிறார். 260 தாண்டும்போது மூச்சு சீராகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், மனுஷன் கையில் பேனாவே இல்லை!

லீவ் லெட்டரில் ஜுரம் எழுதுவோம், வயிற்றுப்போக்குகூட எழுதுவோம். மனசு சரியில்லை என்று எவன் எழுதுகிறான்? சட்டத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. உடம்பு நோய்க்குத் தருகிற மாதிரியே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்கிறது. 2022-ல் ஆரம்பித்த 'டெலி மானஸ்' இருக்கிறது. 14416-க்குப் போன் போட்டால் ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். காசு கிடையாது.

அந்த வாரமே நான் 'மனநல டாக்டரைப் பார்க்க' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்தார், இனிஷியல் போட்டார்.

"சாயங்காலம் வந்துடுவே இல்ல? டி.டி.எஸ். ரிட்டர்ன் கிடக்கு!"