ஒடியோலையில் 124 பங்கு

2023 செப்டம்பரில் டெல்லியில் ஜி-20 மாநாடு நடந்தபோது, பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட நடராஜர் எல்லாச் செய்தித்தாள்களிலும் இடம்பிடித்தார். உயரம் 27 அடி, எடை ஏறத்தாழ 18 டன். எட்டு உலோகக் கலவை. வார்த்தவர்கள் சுவாமிமலை ஸ்தபதிகள். செய்திகள் உயரத்தோடும் எடையோடும் நின்றுவிட்டன. அவ்வளவு பெரிய திருமேனியில் முழங்கால் எங்கே வரவேண்டும், முகம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது? அதை நேரில் பார்க்கத்தான் சுவாமிமலைக்குப் போனேன். கும்பகோணத்து நண்பர் ஒருவர் தமக்குத் தெரிந்த பட்டறைக்கு அழைத்துப் போனார்.

தேரோடும் தெருவிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. முன்கட்டில் அரமும் உளியும் ஓயாமல் சத்தமிடுகின்றன. பின்கட்டில் வரட்டி அடுக்கிய உலை. நடுவே, வெளிச்சம் விழும் திண்ணையில், மெழுகு வேலை. பட்டறையின் மூத்த ஸ்தபதி அங்கேதான் உட்காருகிறார். பெயர் போடவேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

நடராஜர் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டதற்கு அவர் மெழுகைத் தொடவில்லை. பேரனை அனுப்பித் தென்னங்கீற்றிலிருந்து ஓர் இலையை உருவி வரச் சொன்னார். நடு ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்துக்கு ஒரு நாடா போலக் கிழித்து, செய்யவேண்டிய திருமேனியின் உயரத்துக்கு நறுக்கினார். இதற்குப் பெயர் ஒடியோலை. இந்த ஊரில் ஒரு சிலையின் முதல் வேலை இதிலிருந்துதான் தொடங்குகிறது.

சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்ற அளவு. உச்சி முதல் பாதம் வரை மொத்தம் 124 பங்கு. உச்சிக்கு 4, முகத்துக்குப் பதின்மூன்றரை, கழுத்துக்கு 4. கழுத்திலிருந்து மார்பு, மார்பிலிருந்து தொப்புள், தொப்புளிலிருந்து அடிவயிற்றின் முடிவு என்று மூன்று பகுதிகளுக்கும் தலா பதின்மூன்றரை. தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. அம்மனுக்கு மத்திம தசதாலம், 120 பங்கு. பிள்ளையாருக்கு ஐந்து தாலம் போதும்.

பெரியவர் இதைப் பாட்டுப்போல ஒப்பித்தார். எனக்குப் பிடிபட்டது அவர் ஓலையை மடித்தபோதுதான். முதல் மடிப்பில் ஓலை சரிபாதி ஆனது. 62 பங்கு. அந்த மடிப்பு, கால்கள் தொடங்கும் இடம். பாதியை மறுபடி மடித்தார். 31 பங்கு. அது முழங்காலின் கீழ்விளிம்பு. மேலே தொடையும் முழங்காலும் சேர்ந்து 31, கீழே கணைக்காலும் பாதமும் சேர்ந்து 31. அந்த 31-இல் பாதத்துக்கான 4 பங்கை ஒதுக்கினால் மிச்சம் 27. அதைப் பாதியாக மடித்தால் பதின்மூன்றரை. முகத்தின் அளவு வந்துவிட்டது! நாலைந்து மடிப்புக்குள் ஒரு முழுத் திருமேனியும் அந்த ஓலைத் துண்டில் அடங்கிவிடுகிறது. அடிக்கோல் தேவையில்லை, கணக்குப் புத்தகமும் தேவையில்லை. ஒன்றரை அடிச் சிலையானாலும் 27 அடிச் சிலையானாலும் பங்கு மாறுவதில்லை. ஓலையின் நீளம்தான் மாறுகிறது.

“ஆடுற சாமிக்கு ஓலையை நேரா வைக்க முடியாதே ஐயா?” என்று நண்பர் கேட்டார்.

“நேரா எதுக்கு வைக்கணும்? தூக்குன காலுக்கும் அதே 27தான், ஊன்றின காலுக்கும் அதே 27தான். கால் எங்க போனாலும் பங்கு கூடவே போகும் தம்பி.”

அடிப்படை தெரிந்தவருக்கே இந்தச் சுதந்திரம் கிடைக்கிறது. வளைவும் துள்ளலும் அவர் இஷ்டம். உச்சியிலிருந்து தூக்கு நூல் விட்டு, அது ஊன்றிய காலில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்கிறார். பங்கும் நூலும் கைவசம் இருப்பதால், இடுப்பை எவ்வளவு ஒசிக்கலாம் என்பதை அச்சமில்லாமல் முடிவு செய்கிறார்.

இந்த ஒழுங்கு நேற்று வந்ததல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், முதலாம் ராஜராஜன் காலத்தில் கொடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் உயரத்தைப் பாதத்திலிருந்து கேசம் வரை இத்தனை முழம், இத்தனை விரல் என்று பதிவு செய்கின்றன. எத்தனை கைகள், கனமாக வார்த்ததா, பீடம் எவ்வளவு என்பதையும் தனித்தனியே சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கோயில் கணக்கரும் ஸ்தபதியின் கண்ணால்தான் திருமேனியைப் பார்த்திருக்கிறார்.

மெழுகு உருவுக்குத் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெய் விட்டு உருக்கிச் சேர்க்கிறார்கள். உரு முடிந்ததும் அதைத் தராசில் வைத்து எடை பார்க்கிறார்கள். மெழுகு தண்ணீரைவிடச் சற்று லேசு. செம்பு தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனம். ஆகவே மெழுகின் எடையை எட்டிலிருந்து பத்து மடங்காக்கினால், உருக்கவேண்டிய உலோகத்தின் எடை கிடைத்துவிடும். அடர்த்தி என்ற பாடத்தைப் பள்ளியில் படிக்காத கைகள் அதைத் தலைமுறைகளாகப் பிழையின்றிக் கையாள்கின்றன.

அதன்பின் காவிரி வண்டலைப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலும் மண் கட்டி, வரட்டித் தீயில் மெழுகை வெளியேற்றி, உலோகம் ஊற்றுகிறார்கள். இங்கே தவறினால் மாதக்கணக்கான உழைப்பு போய்விடும். மண்ணை உடைத்தபின் உளி வேலை.

ஓலை படித்த மனம் பட்டறைக்கு வெளியேயும் அப்படியே யோசிக்கிறது. பெரியவர் வீட்டுக்கு மாடி எடுத்தபோது, பொறியாளர் “பத்தடி உயரம்” என்றாராம். “தளத்தோட சேத்தா, சேக்காமலா?” என்பதுதான் இவர் கேட்ட முதல் கேள்வி. இரண்டடிச் சிலை வேண்டும் என்று வருபவரிடமும் அதே கேள்விதான்: பீடம் சேர்த்தா, பிரபை சேர்த்தா? பேரனுக்குப் பின்னக் கணக்கு வராதபோது இன்னோர் ஓலையைக் கிழித்து மூன்று முறை மடித்துக் கொடுத்திருக்கிறார். எட்டில் மூன்று என்றால் என்ன என்று அந்தப் பையன் இப்போது விரலால் தொட்டுக் காட்டுகிறான். எதையும் முழுமையோடு பொருத்திப் பார்த்துவிட்டே பகுதியைப் பற்றிப் பேசுவது அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது.

முன்கட்டில் உளி பிடிக்கும் இளைஞர்களில் சிலருக்கு இந்த ஓலை தெரியாது. குறை அவர்களுடையதல்ல. இடைத்தரகர் செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதேபோல் முப்பது வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்கிறார். ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி நகல் எடுத்தால்தான் அந்தக் கெடுவுக்குக் கொடுக்க முடியும். நகலுக்கு ஓலை எதற்கு? நாள்கூலிக்கு வருகிற பையன் தேய்க்கிறான், மெருகேற்றுகிறான், போகிறான்.

அதைவிடக் கொடுமை, கிலோவுக்கு இவ்வளவு என்று எடை போட்டு விலை பேசுவது. இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அளவு தவறித் தடித்துப்போன கால் அதிக விலைக்குப் போகிறது. அளவோடு மெலிந்த விரலும் இடையும் விலையைக் குறைக்கின்றன. செம்புக்கான பணத்தைக் கடன் வாங்கிப் போடுபவர் ஸ்தபதி. வார்ப்பு தவறினால் நஷ்டம் அவருக்கு. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, “சாஸ்திரப்படி செய்தது” என்று சொல்லிப் பன்மடங்கு விலை வைப்பவர் அந்தச் சாஸ்திரத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. இது வியாபாரம் அல்ல, சுரண்டல். எடைக்கு மட்டும் கூலி கொடுத்தால் எடை மட்டும்தான் மிஞ்சும். ஓலை மடிக்கத் தெரிந்த கை மிஞ்சாது.

மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. சுவாமிமலைச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால், வாங்குபவர் மாறாமல் பட்டறை மாறாது. கோயிலுக்கோ வீட்டுக்கோ திருமேனி செய்யச் சொல்பவர்கள் நேராகப் பட்டறைக்குப் போகவேண்டும். உலோகம் ஊற்றுவதற்கு முன், மெழுகு நிலையிலேயே போய்ப் பார்க்கவேண்டும். ஓலையை வைத்து அளந்து காட்டச் சொல்லவேண்டும். மெழுகு வேலைக்கான கூலியை உலோகத்தின் விலையோடு சேர்க்காமல் தனியாக எழுதி, முன்பணமாகக் கொடுக்கவேண்டும். தூத்துக்குடிப் பக்கத்து ஊர்க்கோயில் ஒன்று சென்ற வருடம் அம்மன் திருமேனிக்கு அப்படித்தான் கொடுத்தது என்றார் பெரியவர். அந்த வேலையில்தான் முன்கட்டுப் பையன்களில் இருவரைத் திண்ணைக்கு அழைத்து உட்காரவைத்து, 120 பங்கை மடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.