ஒரு வாய்த் தண்ணீர்

கதைகளில் நான் இதுவரை இருபது பேருக்குக் குறையாமல் கொன்றிருக்கிறேன். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, உத்தேசம்தான். சிலரை நெஞ்சுவலியில், இருவரை ஆற்றில், ஒரு பெண்ணைப் பிரசவத்தில். தொடர்கதை நீண்டுகொண்டே போகிறதே என்று ஆசிரியர் ஜாடையாகக் குறிப்பிட்ட சமயத்தில் ஒரு குடும்பத்தையே கார் விபத்தில் தீர்த்துக் கட்டியதும் உண்டு. காப்பாற்றியும் இருக்கிறேன். பாம்பு கடித்த கதாநாயகியின் காலைக் கதாநாயகன் பேனாக்கத்தியால் கீறி, வாயை வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்பிய அத்தியாயம் வெளியான வாரம் எனக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. எல்லாம் பாராட்டுத்தான்.

இத்தனை உயிர்களோடு விளையாடியவனுக்கு ஓர் உயிரைப் பிடித்து நிறுத்துவது எப்படி என்று நாற்பத்தாறு வயதுவரை தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் முதலுதவி வகுப்பு நடத்தப்போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தபோது அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு மறந்துவிட்டேன். துவைப்பதற்காகப் பையைத் துழாவிய என் மனைவி இருவர் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

"ஏங்க, சனி ஞாயிறு ரெண்டு நாள்தானே? வீட்டுல இருந்தாலும் நீங்க எழுதப் போறதில்லே" என்றாள். மறுக்க முடியாத வாதம்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஹாலில் வகுப்பு. நடத்தியவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாள். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். எல்லாரும் "சிஸ்டர்" என்றே கூப்பிட்டோம். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். எனக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை கால் மணி நேரம் நிலைத்தது.

"இந்த சார் கதையில பாம்பு கடிச்ச இடத்தைக் கீறி உறிஞ்சினாங்களே, படிச்சிருக்கீங்களா? அதைப் படிச்சுட்டு யாரும் அந்த மாதிரி செஞ்சுடாதீங்க" என்று பாடத்தை ஆரம்பித்தார் சிஸ்டர். "விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. அங்கே போய்க் கத்தியால கீறினா என்ன ஆகும்? உறிஞ்சினா விஷம் வெளியே வராது. அவர் வாயில சொத்தைப்பல் இருந்தா அவருக்கும் சேர்த்துக் கட்டில் போடணும்."

ஹால் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவதும் கூடாதாம். கடிபட்ட காலை ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது ஒன்றே வழி. அந்த மருந்தின் கதையை அவர் சொன்னபோது, நான் எழுதியதைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்துக்கொண்டிருந்தவர்கள், அந்தத் தொழில் சட்டப்படி நின்றுபோனதும், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு வகைப் பாம்புகளைப் பிடித்து விஷத்தை மட்டும் கறந்துகொண்டு திரும்பக் காட்டில் விடலானார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். கையருகே இப்படி ஒரு கதை இருக்க, நான் ஒரு பேனாக்கத்தியை நம்பினேனே!

வலிப்பைப் பற்றியும் சொன்னார். வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நானே பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை சாவி கொடுத்திருக்கிறேன்; வலிப்பு நின்றும் போயிற்று. "நிக்கத்தான் சார் செய்யும். பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும். சாவியைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் ஆகுதில்லே?" என்றார் சிஸ்டர். எத்தனை தலைமுறையாக அந்தச் சாவி பேர் வாங்கிக்கொண்டிருக்கிறது! செய்ய வேண்டியது, பக்கத்தில் இருக்கிற கல், நாற்காலிகளை அகற்றி, தலைக்கு ஏதாவது மெத்தென்று கொடுத்து, வாய்க்குள் எதையும் திணிக்காமல், இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸ். இவ்வளவுதான். சாவிக்கு இதில் வேலையே இல்லை.

மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கக் கூடாது, குனிய வேண்டும். தொண்டையில் அடைத்துக்கொண்டால் தோள்பட்டைகளின் நடுவே ஐந்து அறை. இப்படி நான் அறிந்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகீழாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது என் மனைவி, "உங்க நாவல்ல இன்னும் எத்தனை பேரை இப்படிக் காப்பாத்தி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

மத்தியானம் பொம்மை வந்தது.

இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ரப்பர் மனிதன் அது. தரையில் கிடத்தினார்கள். இந்த மாதிரிப் பொம்மைகளில் முதலாவதைச் செய்தவர் நார்வே தேசத்துப் பொம்மைக்காரர் ஆஸ்முண்ட் லேர்டால். 1960-இல் செய்தார். அதற்கு ஒரு பெண்ணின் முகத்தை வைத்தார். பாரிஸில் ஸேன் நதியில் மூழ்கி இறந்த, பேர் ஊர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்த அச்சு என்று சொல்லப்படுவது அது. இறந்தவள் முகம் அவ்வளவு தெளிவாக இராது, உயிரோடிருந்த யாரோ ஒருத்தியின் முகம்தான் என்பாரும் உண்டு. எப்படியானாலும், யாராலும் காப்பாற்றப்படாதவள் என்று பேர் வாங்கிய ஒருத்தியின் முகத்தின்மேல் குனிந்து உலகம் முழுவதும் எத்தனையோ பேர் உயிர் காக்கக் கற்றுக்கொண்டார்கள். இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் எந்த ஆசிரியரும் "கொஞ்சம் மிகை" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

அதே 1960-இல்தான், நின்றுபோன இருதயத்தை மார்பைப் பிளக்காமல் வெளியிலிருந்தே அமுக்கி ரத்தத்தை ஓடவைக்க முடியும் என்று அமெரிக்காவில் பால்டிமோரிலிருந்து மூன்று பேர் எழுதி வெளியிட்டார்கள். மூவரில் மூத்தவரான கோவன்ஹோவன் டாக்டரே அல்ல, மின்சார எஞ்சினீயர்.

நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே இன்னொரு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல், தோளின் பாரத்தை இறக்கி அமுக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம். நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை. அதாவது விநாடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு தடவையும் மார்பு முழுக்க மேலே எழும்பவிட வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதப் பழகாதவர்கள் அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும். கை மாற்ற ஆள் இருந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். ஐந்து சென்டிமீட்டர் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லை. முழங்காலிட்டு ஒரு நிமிஷம் செய்து பார்த்தேன்; முதுகு சட்டையோடு ஒட்டிக்கொண்டது.

"விலா எலும்பு ஒடிஞ்சுடாதா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒடியலாம். ஒடிஞ்சா ஒட்டவைக்கலாம்" என்றார் சிஸ்டர்.

"மூச்சு இல்லேன்னு எப்படித் தெரியும்?" என்று இன்னொருவர் கேட்டார்.

அதற்குச் சிஸ்டர் பதில் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டுக் காட்டினார். குறட்டை மாதிரி ஒரு "கர்ர்". பிறகு ஒன்றுமில்லை. நாங்கள் காத்திருந்தோம். மறுபடியும் ஒரு "கர்ர்". "இதைக் கேட்டு ஏமாந்துடாதீங்க. இது மூச்சு இல்லே. இருதயம் நின்ன பிறகு சில பேருக்குச் சில நிமிஷம் இப்படி வரும். ஆளைத் தட்டினா அசையல்லே, மூச்சு இந்த மாதிரி இருக்குன்னா, 108-க்கு ஒருத்தர் போன் பண்ணணும், இன்னொருத்தர் உடனே அமுக்க ஆரம்பிக்கணும்" என்றார்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

2014 மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். என் தகப்பனார் சிறுவயதிலேயே போய்விட்டதால் என்னை வளர்த்தவர் பெரியப்பாதான். காலேஜில் சேர்த்தவரும் அவர், பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுதப் போகிறேன் என்று வந்து நின்றபோது, "கையெழுத்தாவது நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டவர். அன்றைக்கு வயலுக்குப் போய்த் திரும்பி, திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். பேப்பர் முதலில் விழுந்தது. பிறகு அவர் சாய்ந்தார்.

நான்தான் முதலில் ஓடினேன். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். தெருவே கூடிவிட்டது. ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒருவர் விசிறினார். கடையிலிருந்து சோடா வந்தது. யாரோ 108-க்குப் போன் செய்தார்கள். பெரியப்பாவின் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. "மூச்சு வருது, மூச்சு வருது, பயப்படாதீங்க" என்று எல்லாரும் சொன்னோம். நான் உரக்கவே சொன்னேன். பெரியம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை அவர் வாயில் நான் ஊற்றினேன். பாதி கழுத்தில் வழிந்தது. மீதி உள்ளே போயிற்று என்று சந்தோஷப்பட்டேன்.

ஆம்புலன்ஸ் வரக் கால் மணிக்கு மேல் ஆயிற்று. வாய்க்கால் பாலம் தாண்டி, எங்கள் தெருவைக் கண்டுபிடித்து வர அதைவிடச் சீக்கிரம் முடியாது; குறை சொல்வதற்கில்லை. அதிலிருந்து இறங்கிய பையன் பெரியப்பாவை என் மடியிலிருந்து இழுத்துத் தரையில் போட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தான். கிழவரை இப்படிப் போட்டு நசுக்குகிறானே என்று நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் என்னைத் தள்ளிவிட்டான். வயது இருபத்தைந்து இருக்கும். அவன்மேல் எனக்கு ஏற்பட்ட கோபம் பல வருஷங்கள் இருந்தது.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆறுதல் தேடியிருப்பேன். "அப்போ அமுக்கியிருந்தா…" என்று இழுத்தேன்.

அவர் பொம்மையின் முகத்தை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டிருந்தார். "பிழைச்சிருப்பார்னு சொல்ல மாட்டேன் சார். பிழைச்சிருக்க மாட்டார்னும் சொல்ல மாட்டேன். யாரும் ஒண்ணும் செய்யாம இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் நூத்துக்கு ஏழு, பத்துன்னு குறைஞ்சுகிட்டே போகும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சுயநினைவு இல்லாதவங்களுக்குத் தண்ணி கொடுத்தா மூச்சுக்குழாய்ல போயிடும். அதை நாளைக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்" என்றார்.

மறுநாளும் போனேன். தீக்காயமும் சாலை விபத்தும் அன்றைய பாடம். விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று இழுத்தடிப்பார்கள் என்கிற பயம் இனி வேண்டாம். 2016-இல் சுப்ரீம் கோர்ட் அதற்கு வழி செய்து, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள், விருப்பமில்லாவிட்டால் பேரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று சிஸ்டர் விளக்கினார். நான் குறித்துக்கொண்டேன். என்றாலும் மனசு அதில் இல்லை.

கற்றது பயன்பட ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் மனைவி அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் கையில் தெறித்துவிட்டது. நான் அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது, இங்க் கூடாது, பற்பசை கூடாது. அவளும்தான் பாடம் கேட்டவள். ஆனால் பதினைந்தாவது நிமிஷம் வலியையும் மறந்து, "போதும், மூடுங்க! லாரித் தண்ணி என்ன விலை விக்குது!" என்று கத்தினாள். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். வாளியைக் கீழே வைத்துச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன். அதே தண்ணீரில் பிற்பாடு அவள் வராந்தாவை அலம்பிவிட்டாள். கை கொப்புளிக்கவில்லை.

சித்திரையில் ஊருக்குப் போனேன். பெரியம்மாவுக்கு எண்பது ஆகிறது. பார்வை மங்கிவிட்டது; ஞாபகம் மங்கவில்லை. யார் வந்தாலும் அந்த மார்கழிக் காலையைத் திரும்பச் சொல்லுவாள். சொல்லி முடிக்கிற இடம் எப்போதும் ஒன்றுதான். "போற உசிருக்குத் தாகத்தோட போற பாவம் இல்லாம, பெத்த புள்ளை மாதிரி இவன் மடியில போட்டு ஒரு வாய்த் தண்ணி ஊத்தினான். அது போதும் எனக்கு" என்பாள்.

அன்றைக்கும் அடுத்த வீட்டு அம்மாளிடம் அதைச் சொன்னாள். நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னமோ டாக்டர் படிப்பு படிச்சியாமே, உன் சம்சாரம் போன்ல சொன்னா. என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"எண்ணெய் பட்டா இங்க் ஊத்தக் கூடாது, பச்சைத் தண்ணிதான் ஊத்தணும்னாங்க, பெரியம்மா" என்றேன்.

"அதுக்கு ரெண்டு நாளா?" என்றாள் பெரியம்மா.